சொல் தட்டாத பிள்ளை

தன் பிள்ளையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காமுவுக்கு வாய் ஓயாது. தெருவில் காய்கறி வண்டி வந்து நின்றால் போதும், முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்துவிடுவாள். "எங்க ஹர்ஷா இருக்கானே, சொன்ன சொல் தட்டமாட்டான். அம்மா ஒண்ணு சொல்லிட்டா அது நடந்தாகணும் அவனுக்கு." இன்ஜினியரிங் படி என்றாள், படித்தான். அமெரிக்கா போ என்றாள், போனான். மீசை நன்றாக இல்லை என்றாள், வீடியோ காலில் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எடுத்தான். முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளையைப் பற்றி இப்படியா பெருமை பேசுவது என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டால் மறுநாள் கறிவேப்பிலைக்கு அவள் வீட்டுப் படி ஏற முடியாது.

அவள் கணவர் உப்பிலி நேர்மாறு. அணு ஆராய்ச்சி நிலையத்தில் கணக்குப் பிரிவில் தலை நிமிராமல் வேலை பார்த்து, தலை நிமிராமலே ஓய்வு பெற்றவர். கல்பாக்கத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு பெருமாள் கோயிலும் மூன்று தெருவும் உள்ள ஊர் அவர்களுடையது. வைகாசி உற்சவத்தில் பெருமாளைத் தோளில் எழுந்தருளப் பண்ணுகிறவர்களில் உப்பிலியும் ஒருவர். பெருமாள் கருட வாகனத்தில் வருகிற கருட சேவை அன்று, வாகனத்தைத் தூக்குகிற முன் தண்டில் இடது பக்கம் அவர் இடம். ஆபீசில் அவர் ஒரு நாள் வராவிட்டால் யாருக்கும் தெரியாது. கருட சேவைக்கு அவர் வராவிட்டால் ஊருக்கே தெரியும்.

அந்த இடத்துக்குத்தான் கேடு வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நடுத்தெருவில் அவர் முழங்கால் மடங்கி, தண்டு ஒரு பக்கம் சரிந்தது. வலது பக்கம் தோள் கொடுத்திருந்த தனகோடி பல்லைக் கடித்துத் தாங்கியதால் பெருமாள் கீழே வரவில்லை. அதற்கப்புறம் வந்த இரண்டு கருட சேவைக்கும் உப்பிலி வாசலுக்கே வரவில்லை. மேளச் சத்தம் வீட்டைத் தாண்டிப் போகும்வரை கொல்லையில் தென்னைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். அதைப் பார்த்துவிட்டுக் காமு உள்ளே போய் அழுதாள்.

பார்க்காத வைத்தியம் இல்லை. செங்கல்பட்டில் எக்ஸ்ரே எடுத்த டாக்டர் மூட்டையே மாற்ற வேண்டும் என்றார், உப்பிலி அப்படியே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். கூடுவாஞ்சேரியில் ஒரு மலையாள வைத்தியசாலையில் கிழி ஒத்தடம் கொடுத்தார்கள். எருக்கிலை, நொச்சி, விளக்கெண்ணெய் எல்லாம் ஆயிற்று. போனில் பிள்ளையிடம் அவளுக்கு இதே புலம்பல்தான். தெரிந்த மருந்தையும் சொல்வாள், தெரியாத மருந்தையும் சொல்வாள். ஹர்ஷா எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்பான்.

போன தீபாவளிக்கு, ஊருக்கு வந்த ஆபீஸ் நண்பன் ரஞ்சித்குமார் கையில் ஹர்ஷா நீல மூடி போட்ட ஒரு பெரிய பாட்டிலைக் கொடுத்தனுப்பினான். முழங்காலில் தேய்த்துத் துணி சுற்றிவிடு என்றான். என்ன எண்ணெய் என்று அவள் கேட்டதற்கு, "மலைத் தைலம்மா" என்றான். ஐப்பசிக் குளிருக்கு அது வெண்ணெய்போல உறைந்திருந்தது. விரலில் எடுத்தால் உருகி வழிந்தது. பச்சைக் கற்பூரம் மணத்தது. அந்த வீட்டில் புதிதாக எது வந்தாலும் முதலில் பெருமாள் முன்னால் வைத்துவிட்டுத்தான் எடுப்பார்கள். காமுவும் பாட்டிலைப் பெருமாள் அலமாரியில் சாளக்கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க வைத்திருந்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் தேய்க்க ஆரம்பித்தாள்.

தை மாதம் உப்பிலி கைப்பிடிக்காமல் படி இறங்கினார். மாசியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பங்குனியில் மாமல்லபுரம் கடற்கரை மணலில் நடந்துவிட்டு வந்தார். வலி எண்ணெயால் போனதோ, காமுவின் கையழுத்தத்தால் போனதோ, இல்லை வலிக்கே அலுத்துப் போயிற்றோ, யார் கண்டது. காமு மட்டும் எண்ணெய்தான் என்று தெருத்தெருவாகச் சொன்னாள். அமெரிக்கத் தைலம், என் பிள்ளை அனுப்பியது என்றாள்.

தனகோடிக்கு ஆட்டோ ஓட்டுவது தொழில், உப்பிலி என்றால் உயிர். ஒரு நாள் வாசலில் நின்றவன், "இன்னா சாமி, முட்டி இப்போ எப்டி கீது?" என்று கேட்டுவிட்டுப் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தான்.

"இன்னா மாமி, கற்பூரத்துக்கு அடியில வேற இன்னாமோ வாசன வருது."

"அது அமெரிக்கா வாசனை, உனக்கு எங்கே தெரியப் போறது" என்று காமு பாட்டிலைப் பிடுங்கி மூடினாள்.

ஹர்ஷா இருப்பது மொன்டானா என்ற இடத்தில். அங்கே குளிர் முடிந்து பனி உருகுகிற மாதங்களில் முதுகில் ஒரு பெரிய பையை மாட்டிக்கொண்டு ஐந்தாறு நாள் மலைக்குள் போய்விடுவான். ரோடும் கிடையாது, போனும் எடுக்காது. அந்த நாட்களில் காமு சஹஸ்ரநாமம் சொல்லியே தொண்டையைக் கெடுத்துக்கொள்வாள். அதை அவள் மலை யாத்திரை என்றுதான் சொல்வாள். கனமாக எதுவும் தூக்க முடியாது என்று அவன் சொன்னதால் புளியோதரைப் பொடி, வறுத்த அவல், பருப்புப் பொடி என்று பார்த்துப் பார்த்து இடித்துப் பொட்டலம் கட்டி அனுப்புவாள். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் பண்ணு என்று, தன் கல்யாணச் சீரில் வந்த வெண்கல உருளியையும் அவன் பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தாள்.

இந்த வைகாசியில் உப்பிலி மறுபடியும் தண்டுக்கடியில் தோள் கொடுக்கப் போகிறார் என்று முடிவானதும், அதைப் பார்க்க ஹர்ஷா லீவு போட்டு வந்தான். தங்கை விசாகா மறைமலை நகரில் ஐடி வேலையில் இருக்கிறவள், அவளும் வந்திருந்தாள். வீடு கல்யாண வீடாக இருந்தது.

கருட சேவை அன்று பிற்பகல் உப்பிலி கோயிலில் வாகனத்துக்குப் பூச்சாத்துகிற இடத்தில் இருந்தார். ஹர்ஷா குளிக்கப் போயிருந்தான். காமு கூடத்தில் உட்கார்ந்து துளசி தொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டாள் என்று விசாகா அண்ணன் போனை டிவியில் இணைத்து, அவனுடைய மலை யாத்திரைப் படங்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டாள்.

முதலில் மலை வந்தது. உச்சியில் பனி, அடியில் பச்சை. அடுத்து இரண்டு பேர் படுக்கிற கூடாரம். அடுத்து அவனுடைய பை, ஆள் உயரத்துக்கு. அடுத்தது ஒரு சின்ன அடுப்பில் புளியோதரை. "பார்த்தியா, என் பொட்டலம்" என்று காமு கையைத் தட்டினாள்.

அடுத்த படத்தில் ஹர்ஷா மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் துப்பாக்கி சாத்தியிருந்தது. அவனுக்கு முன்னால் கறுப்பாக ஏதோ படுத்திருந்தது.

"ஐயோ பாவம், நாயா அது? என்ன ஆச்சு அதுக்கு?" என்றாள் காமு.

படம் தானாக மாறியது. இதில் ஹர்ஷா அந்த மிருகத்தின் இரண்டு காதையும் பிடித்துத் தலையைத் தூக்கிக் காட்டினான். நாக்கு ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருந்தது. அது நாய் இல்லை. ஹர்ஷா சிரித்துக்கொண்டிருந்தான். பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தபோது எடுத்த படத்தில் எப்படிச் சிரித்தானோ அதே சிரிப்பு. சிவ பூஜையில் கரடி நுழைந்தது என்று காலம் காலமாகச் சொல்வார்கள். இங்கே கருட சேவை அன்று, துளசிக்கு நடுவில், நாற்பத்து மூன்று அங்குல டிவியில் நுழைந்தது.

"அணைச்சுடவா அம்மா?" என்றாள் விசாகா.

அதற்குள் இன்னொரு படம் வந்துவிட்டது. ஒரு சமையல் அடுப்பு. அதன் மேல் காமுவின் உருளி. விளிம்பில் அவள் பிறந்த வீட்டில் வெட்டிக் கொடுத்த பெயர் தெளிவாகத் தெரிந்தது. உருளிக்குள் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் உருகிக்கொண்டிருந்தன. அடுத்த படத்தில் வடிகட்டி ஊற்றிய பாட்டில்கள் வரிசையாக நின்றன. கடைசியாக இருந்ததற்கு நீல மூடி.

காமு தன் கைகளைப் பார்த்தாள். தீபாவளியிலிருந்து தினம் சாயங்காலம் அந்த எண்ணெயை ஊற்றித் தேய்த்த கைகள். இப்போது அவற்றில் துளசி இருந்தது. அவள் எழுந்து கொல்லைக்கு ஓடி, சோப்புப் போட்டுக் கழுவினாள். சீயக்காய் போட்டுக் கழுவினாள். புளியை எடுத்துப் பித்தளைப் பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்த்தாள். அப்படியும் கற்பூர வாசனைக்கு அடியில் வேறு ஏதோ வாசனை வருவதுபோல இருந்தது. பெருமாள் அலமாரி ஞாபகம் வந்ததும் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது ஹர்ஷா ஈரத் தலையோடு கூடத்தில் நின்றிருந்தான். டிவி அணைந்திருந்தது.

"என்னடா அது?"

"கரடிம்மா. படத்தையெல்லாம் நீ பார்க்க வேண்டாம்னு நெனச்சேன். இவகிட்ட சொல்ல மறந்துட்டேன்."

"ஏர்போர்ட்ல பிடிச்சிருந்தா ரஞ்சித் கம்பி எண்ணிண்டிருப்பான்" என்று விசாகா முணுமுணுத்தாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை.

காமு திட்டவில்லை. எப்படி, எப்படி என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவன் சொன்னான். சொன்ன சொல் தட்டாத பிள்ளை, கேட்டால் சொல்லாமல் இருப்பானா.

ஆபீசில் அவனுடைய மேனேஜர்தான் முதலில் கூட்டிக்கொண்டு போனவர். அங்கே கரடி சுட லைசென்ஸ் கொடுக்கிறார்கள். குளிர் காலம் முழுக்கக் குகையில் தூங்கிய கரடி, பனி உருகினதும் வயிறு ஒட்டி வெளியே வரும். முதலில் வெயில் படுகிற சரிவில் புதுப் புல் முளைத்திருக்கும், அதைத் தேடி வரும். மனிதன் ஐந்து நாள் சோறு, கூடாரம், துப்பாக்கி எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு அந்தச் சரிவுக்கு எதிர் மலையில் போய் உட்கார வேண்டும். பொழுது விடிந்ததிலிருந்து அடைகிறவரை பைனாகுலரில் துழாவ வேண்டும். கரடி கண்ணில் பட்டால் பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர்க்காற்றாகப் பார்த்து ஏற வேண்டும். மனித வாடை பட்டால் அது நிற்காது.

"குட்டியோட இருக்கற தாயைச் சுடக் கூடாதும்மா. அதனால பார்த்த உடனே சுடமாட்டா. புதர்ல குட்டி இருக்கான்னு ரொம்ப நேரம் காத்துண்டிருந்து பார்க்கணும்."

"பெரிய தர்மம்" என்றாள் காமு. குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"மொதல் ரெண்டு வருஷமும் நான் சுடவே இல்லை. அவர் சுடுவார், நான் பார்த்துண்டிருப்பேன். நான் தனியா ஒரு பாறை மேல உட்கார்ந்திருப்பேன். எனக்கு அதுவே போறும்னு இருந்தது. அவ்வளவு நன்னா இருக்கும்மா அந்த இடம். அது வந்து புல்லை மேயும். மாடு மாதிரி தலையைக் குனிஞ்சுண்டு, மெதுவா, ஒரு வாய் தின்னுட்டு நிமிர்ந்து பார்க்கும்."

"மேஞ்சுண்டிருந்ததையாடா சுட்டே?"

ஹர்ஷா "ஆமாம்" என்றான்.

அப்புறம் அவள் கேட்காததையும் சொன்னான். யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வருஷமாகக் காத்திருந்தான் போலிருக்கிறது. "தோலை எடுத்தப்புறம் மனுஷா படுத்துண்டு இருக்கற மாதிரியே இருந்தது. மார்பு, கை, விரல் எல்லாம். நான் அந்தண்டை திரும்பி உட்கார்ந்துட்டேன். மேனேஜர்தான் மீதியைப் பண்ணினார். மாமிசத்தை அங்கேயே போட்டுட்டு வரக் கூடாது, அதுவும் சட்டம். ரெண்டு நடை முதுகுல சுமந்துண்டு இறங்கினோம். எல்லாம் அவருக்குத்தான். கொழுப்பை மட்டும் நான் கேட்டு வாங்கிண்டேன். நான் வாயில வெக்கலைம்மா, சத்தியமா."

அந்தச் சந்தேகம் காமுவுக்கு அதுவரை வரவே இல்லை. இப்போது வந்தது. சின்ன வயதில் இவனுக்கு ஜாம்பவான் கதை சொன்னால்தான் சோறு இறங்கும். ராமனுக்காக மலையெல்லாம் அலைந்த கிழக் கரடி இறந்துபோகவில்லையே என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வாயைத் திறப்பான்.

"ரெண்டு வருஷம் சும்மா இருந்தியே" என்றாள் அவள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மூணாம் வருஷம் உனக்கு என்ன கேடுகாலம் வந்தது? யார் உன்னைச் சுடச் சொன்னா?"

ஹர்ஷா அவளை நிஜமான ஆச்சரியத்தோடு பார்த்தான்.

"நீதானேம்மா சொன்னே."

காமுவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அது செங்கல்பட்டில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்த நாள். பஸ் நிலையத்து ஓரத்தில் ஒருவர் துணியை விரித்துச் சீசா சீசாவாகக் கரடி எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு கரடி நகம் வைத்திருந்தது. சாயங்காலம் பிள்ளையிடம் போனில் பேசும்போது அதையும் சொன்னாள். அவள் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை இப்போது காதில் கேட்டது: "நெஜக் கரடிக் கொழுப்பு கெடச்சா உங்கப்பா முழங்கால் நேராயிடும்னு ஊரே சொல்றது. இங்கே எல்லாம் கலப்படம். உங்க ஊர்லதான் கரடி தெருவுக்குத் தெரு அலையறதாமே, ஒண்ணைப் பிடிச்சு எண்ணெய் எடுத்து அனுப்பேன்." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அவன் வழக்கம்போல "சரிம்மா" என்றான். உடனே அவள் ரசப்பொடி தீர்ந்துவிட்டதா என்று கேட்டாள்.

அவ்வளவுதான். பேச்சுக்குச் சொன்ன பேச்சு. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், அதில் கெடுவது நுணல் மட்டும்தான். இவள் வாயால் கடல் தாண்டி ஏதோ ஒரு மலையில் தன்பாட்டுக்குப் புல் தின்றுகொண்டிருந்த ஒரு ஜீவன் போய்விட்டது.

"விளையாட்டுக்குச் சொன்னேண்டா."

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நீ எதைச் சொன்னாலும் ஒரே மாதிரிதான் சொல்லுவே." அவன் குற்றம் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொன்னான். "அது நிமிர்ந்து என் பக்கம் பார்த்தது. வேண்டாம்னு துப்பாக்கியை எறக்கிட்டேன். அப்புறம் நீ சொன்னியேன்னு நெனச்சுண்டேன். அப்பா கொல்லையில தண்ணி விட்டுண்டு நின்னதைச் சொல்லி அழுதியே. மறுபடியும் தூக்கினேன்."

"அப்புறம் ஏன் மலைத் தைலம்னு சொன்னே?"

"கரடின்னா அப்பா தேய்ச்சுக்க மாட்டார். அவர் காதுல விழக் கூடாதுன்னு அப்படிச் சொன்னேன். உனக்குப் புரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். நீ கேட்டதுதானே."

காமு தரையில் உட்கார்ந்தாள். இத்தனை மாதமாக இவன் அவளைக் கூட்டாளி என்று நினைத்திருக்கிறான். போனில் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கும்போதெல்லாம் குரலைத் தாழ்த்தினானே, அது இதற்குத்தான்.

வாசல் கதவு திறந்தது. உப்பிலி வந்தார். புதுப் பஞ்சகச்சம், பளிச்சென்று திருமண், தண்டு அழுந்தாமலிருக்கத் தோளில் நாலாக மடித்த துண்டு. செருப்பில்லாத காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டிக் காட்டிவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து, வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக்கொண்டார். வாயில் ஏதோ பாசுரம் முணுமுணுப்பு. காமுவுக்குத் தெரிந்து அவர் முணுமுணுத்து மூன்று வருஷம் ஆகிறது.

"காமு, அந்த எண்ணெயைக் கொண்டா. ஒரு தடவை அழுத்தித் தேய்ச்சுவிட்டா மூணு தெருவும் நான் எறக்காம சுத்திடுவேன். தனகோடி பந்தயம் கட்டியிருக்கான்."

காமு பாட்டிலை எடுத்தாள். விசாகா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, "சொல்லாதேம்மா. இன்னிக்கு ஒரு நாள் போகட்டும். நாளைக்குச் சொல்லிக்கலாம்" என்று காதோடு சொன்னாள். நல்ல யோசனைதான். மூன்று வருஷமாகக் காத்திருந்த மனிதர். சொல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் தோளில் பெருமாள் இருப்பார், முழங்காலில் இது இருக்கும், இதைத் தேய்த்தவளுக்கு இது இன்னதென்று தெரிந்திருக்கும். அவள் தேங்காயும் வெற்றிலையுமாக வாசலில் நின்று சேவிக்க வேண்டும். காமுவால் அது முடியாது. வாயாடிதான், ஆனால் அவருக்கு எதிரில் ஒன்றை மறைத்து வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியாது.

"ஏன்னா, இது தைலம் இல்லை. கரடிக் கொழுப்பு."

உப்பிலி சிரித்தார். காமு ஏதோ விளையாடுகிறாள் என்று நினைத்தார்.

"ஹர்ஷா சுட்டது. நான்தான் கேட்டேன்."

உப்பிலி பிள்ளையைப் பார்த்தார். அவன் முகத்தில் ஈயாடவில்லை. பெண்ணைப் பார்த்தார், அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஊஞ்சல் தானாக ஆடிக்கொண்டிருந்தது, அவர் காலை ஊன்றி நிறுத்தினார். ஏற்றிவிட்ட வேட்டியைக் கீழே இறக்கி முழங்காலை மூடினார்.

"என்ன பண்ணிண்டிருந்தது அது, நீ சுடறச்சே?" என்று கேட்டார்.

"புல் தின்னுண்டிருந்ததுப்பா."

உப்பிலி கத்தியிருந்தால் காமுவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் எழுந்து கிணற்றடிக்குப் போனார். வாளி வாளியாகத் தலையில் கொட்டிக்கொள்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. நனைந்த பஞ்சகச்சத்தைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, சாதாரண நாலு முழ வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். மடித்து வைத்த துண்டை எடுத்துக்கொள்ளவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் கோயில் பக்கம் நாகஸ்வரம் கிளம்பியது. இந்தத் தடவை உப்பிலி கொல்லைக்குப் போகவில்லை, வாசலுக்கு வந்து நின்றார். காமு பின்னால் நின்றாள். தனகோடி வியர்வை வழிய ஓடி வந்தான்.

"இன்னா சாமி, அல்லாரும் வந்துட்டாங்கோ, நீங்க இன்னும் வூட்லயே நின்னுகினு கீறீங்க?"

"கால் வலிக்கறதுப்பா, தனகோடி."

தனகோடி குனிந்து அவர் காலைப் பார்த்தான். இரண்டு காலும் நேராக, உறுதியாக நின்றிருந்தன. "நேத்து மணல்ல என்னோட போட்டி போட்டுகினு வந்தீங்களே."

"இன்னிக்கு வலிக்கறது."

அவருக்கு வலிக்கவில்லை என்று காமுவுக்குத் தெரியும். ஒரு காலை மாற்றி ஊன்றக்கூட இல்லை. வலித்தபோதெல்லாம் வலிக்கவில்லை என்று சொன்ன மனிதர், வலி போனபின் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு நின்றார்.

தனகோடி தலையைச் சொறிந்தான். "பேஜாரா பூட்ச்சே. முன்னாடி ஆளு கம்மியா கீதே." அவன் கண் உப்பிலியைத் தாண்டிப் பின்னால் போனது. சட்டை போடாமல், மேலே ஒரு துண்டோடு ஹர்ஷா நின்றிருந்தான். "தம்பி கீறாரே, அது போதும். அப்பா இடத்துல நீ வா தம்பி. இன்னா தோளு பாரு, மலையேறின தோளு. இதுக்குன்னே செஞ்ச மாதிரி கீது."

ஹர்ஷாவின் தோளில் துண்டு நழுவியிருந்தது. இரண்டு பக்கமும் பையின் வார் அழுந்தி அழுந்திக் கறுத்த தழும்பு. தடவிக் கொடுக்க வேண்டும்போலக் காமுவுக்கு வந்தது, உடனே அந்தத் தோள் எதைச் சுமந்துகொண்டு இறங்கியது என்பதும் ஞாபகம் வந்தது. உப்பிலி திரும்பிப் பார்க்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

"போகட்டுமாம்மா?" என்றான் ஹர்ஷா.

காமு வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. போ என்றால் போய்விடுவான். வேண்டாம் என்றால் நின்றுவிடுவான். கிணற்றில் குதி என்றாலும் சரிம்மா என்பானோ என்று அவளுக்குத் தோன்றியது. தன் வாயைப் பார்த்து அவளுக்கே முதல் முறையாகப் பயம் வந்தது.

"எனக்குத் தெரியலைடா" என்றாள். அவன் பிறந்ததிலிருந்து இந்த வார்த்தையை அவனிடம் அவள் சொன்னதில்லை. "உனக்கு எது சரின்னு படறதோ, அதைப் பண்ணு."

ஹர்ஷா நகரவில்லை. தெருமுனையைப் பார்த்தான், அப்பாவின் முதுகைப் பார்த்தான், மறுபடியும் அவளைப் பார்த்தான். திருவிழாக் கூட்டத்தில் கை விட்டுப்போன குழந்தையின் முகம் அவனுக்கு வந்திருந்தது. முப்பத்திரண்டு வயதும் அந்தப் பெரிய தோளும் அந்த முகத்துக்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

"நீயே சொல்லிடேன்மா" என்றான், மெதுவாக.

காமு முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அந்தப் படத்தைப் பார்த்தபோதுகூட அவள் இவ்வளவு அதிர்ந்து போகவில்லை.

தனகோடி கொஞ்சம் பார்த்துவிட்டு, "சரி, வேற ஆளு பாக்குறேன்" என்று ஓடினான். வேறு யாரோ தோள் கொடுத்தார்கள். தீவட்டி வெளிச்சத்தில் கருடன் தெருமுனை திரும்பி வந்தது. அவர்கள் வாசலில் தேங்காய்த் தட்டு வாங்க நின்றது. விசாகா தேங்காயை நீட்டினாள். உப்பிலி நேரான முழங்கால்களை மடக்கித் தெருப் புழுதியில் விழுந்து சேவித்தார். ஊரே பெருமாளைப் பார்த்துக் கை கூப்பிக்கொண்டிருந்தது. ஹர்ஷா மட்டும் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.